பிஸ்கட் டப்பாவில் 71 பேட்டரிகள்

வேளச்சேரியில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்து மடிப்பாக்கத்துக்குக் குடிபோன அன்றுதான் அந்த டப்பா என் கண்ணில் பட்டது. டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில், வயர்களுக்குப் பின்னால், ஒரு பழைய பிஸ்கட் டப்பா. திறந்தால் முழுக்கத் தீர்ந்துபோன பேட்டரிகள். தரையில் செய்தித்தாளை விரித்துக் கொட்டி எண்ணினேன். 71 இருந்தன. டபுள் ஏ தான் அதிகம். அப்புறம் ரிமோட்டுக்குப் போடும் மெல்லிசான ட்ரிபிள் ஏ, டார்ச்சுக்கான பெரிய கட்டை நான்கு, எடை மெஷினில் இருந்து எடுத்த பட்டன் பேட்டரி இரண்டு. அடியில் கிடந்தவற்றில் பாதி கசிந்து, உப்புப் பூத்த சுவர் மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. டப்பாவின் அடித்தகரம் துருப்பிடித்துப் பொரிந்து போயிருந்தது.

வீட்டில் ஐந்து பேர். நான், கணவர், அத்தை, அப்போது ஆறு வயதான மகள், இரண்டு வயது மகன். அந்த 71 பேட்டரியும் இரண்டு வருடத்தில் சேர்ந்தவை. குப்பையில் போட மனசு வரவில்லை, எங்கே கொடுப்பது என்றும் தெரியவில்லை. அதனால் டப்பாவில் சேர்ந்துகொண்டே போனது.

மனசு வராததற்குக் காரணம் உண்டு. 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடி குப்பைக் கிடங்கு பற்றி எரிந்தபோது அந்தப் புகை எங்கள் பால்கனி வரை வந்தது. ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு குழந்தையோடு உள்ளேயே உட்கார்ந்திருந்தோம். அந்தத் தீக்குப் பேட்டரிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நான் வாசலில் கொண்டுபோய்க் கொடுக்கும் குப்பை, பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டி மலையாகக் குவிந்து கிடக்கிறது என்பது அன்றைக்கு மூக்கிலேயே ஏறியது. அதன்பிறகு ஒரு பேட்டரியைக் குப்பைக்கூடையில் போடக் கை வரவில்லை.

புது வீட்டில் முதல் வேலையாக ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டினேன். எந்தச் சாமானுக்குப் புது பேட்டரி போட்டாலும் தேதியோடு எழுத வேண்டும். நான்கு வாரம் கழித்துக் கூட்டினால் 26 பேட்டரி. அதில் மகனின் பாட்டுப் பாடும் ரயில் வண்டி மட்டும் 12 தின்றிருந்தது. ரிமோட் கார் 8. மீதி ஆறில் ஒரு நாய்ப்பொம்மைக்கு மூன்று, டிவி ரிமோட்டுக்கு இரண்டு, ஹால் கடிகாரத்துக்கு ஒன்று.

இதைப் பார்க்காமல் ஆரம்பித்திருந்தால் நான் எல்லாவற்றுக்கும் ரீசார்ஜ் பேட்டரி வாங்கிக் காசைக் கரைத்திருப்பேன். கடிகாரமும் ரிமோட்டும் பிரச்சினையே இல்லை. ஒரு பேட்டரியிலேயே மாதக்கணக்கில் ஓடும் சாமான்கள் அவை. மோட்டார் சுற்றுகிற, பாட்டுப் பாடுகிற இரண்டு பொம்மைகள்தான் வீட்டுக் கழிவில் முக்கால் பங்குக்குக் காரணம். உங்கள் வீட்டில் அது வேறு பொம்மையாக இருக்கலாம். ஒரு மாதம் எழுதிப் பாருங்கள், வாங்குவதெல்லாம் அப்புறம்.

ரீசார்ஜ் பேட்டரி வாங்கியதில் முதல் தடவை ஏமாந்தேன். ஆன்லைனில் மலிவாகக் கிடைத்தது. மேலே 4600 எம்ஏஎச் (பேட்டரி எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்பதற்கான அளவு) என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. ஒரு முறை சார்ஜ் செய்தால் ரயில் இருபது நிமிடம்கூட ஓடவில்லை. பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்: நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்கிற இந்த ரீசார்ஜ் வகையில் டபுள் ஏ அளவுக்குள் 2800 எம்ஏஎச் அடக்குவதே பெரிய விஷயம். நல்ல கம்பெனி பேட்டரிகளில் பெரும்பாலும் 2000 சுற்றித்தான் போட்டிருப்பார்கள். அதற்கு மேல் மூவாயிரம், நாலாயிரம் என்று போட்டிருந்தால் பொய். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். நான் ஏமாந்து வாங்கியது 16 கிராம். பிறகு வாங்கிய நல்லது 27 கிராம். எடையிலேயே வித்தியாசம் தெரிந்துவிட்டது.

வாங்கும்போது, ஏற்கெனவே சார்ஜ் ஏற்றி விற்கும் வகையா என்று பாருங்கள். அந்த வகை சும்மா கிடந்தாலும் சார்ஜ் சீக்கிரம் இறங்காது. பழைய வகை என்றால் அலமாரியில் ஒரு மாதம் கிடந்தாலே கணிசமாக இறங்கிவிடும், பிள்ளை கேட்கும் நேரத்தில் கைகொடுக்காது. சார்ஜர் விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். மலிவான சார்ஜர்கள் இரண்டிரண்டாகத்தான் சார்ஜ் செய்யும். எங்கள் ரயிலுக்கோ மூன்று பேட்டரி. மூன்றாவதை எதோடு ஜோடி சேர்ப்பது? பாதி தீர்ந்ததையும் முழுக்கத் தீர்ந்ததையும் ஒன்றாகப் போட்டு, ஒன்று அளவுக்கு மீறிச் சூடாகி, இன்னொன்று நிரம்பாமல், நாலு மாதத்தில் ஒரு செட்டே கெட்டுப்போனது. ஒவ்வொரு குழிக்கும் தனி விளக்கு எரியும் சார்ஜராகப் பார்த்து வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

நெயில் பாலிஷ் ஒரு பெரிய உதவி. ரயிலுக்கான மூன்றுக்கும் சிவப்புப் பொட்டு, காருக்கான நான்குக்கும் நீலப் பொட்டு வைத்தேன். ஒரே செட் ஒன்றாகவே ஓடி, ஒன்றாகவே சார்ஜ் ஆகும். கலந்து போட்டால் பலவீனமான பேட்டரியை மற்றவை வலுக்கட்டாயமாக இழுத்துக்கொண்டு ஓடும். கடைசியில் அதன் பிளஸ், மைனஸ் முனைகள் தலைகீழாகி அது கெட்டுவிடும். சாதா பேட்டரியிலும் இதே கதைதான். பழையதையும் புதியதையும், மலிவான கார்பன் கட்டையையும் ஆல்கலைனையும் ஒரே பொம்மையில் கலந்தால் முதலில் கசிவது அந்த ஜோடியாகத்தான் இருக்கும். கரண்ட் செலவு பற்றிக் கணவர் கேட்டார். டபுள் ஏ ஒன்றுக்கு ஆகும் மின்சாரம் மிகவும் சொற்பம். ஒரு யூனிட்டில் நூறு பேட்டரிக்கு மேல் நிரப்பலாம்.

ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. ரீசார்ஜ் பேட்டரியின் அழுத்தம் 1.2 வோல்ட், சாதா பேட்டரி 1.5. சில பொம்மைகளில் பாட்டு கொஞ்சம் இழுத்துப் பாடும், கார் கொஞ்சம் மெதுவாக ஓடும். மகன் கண்டுகொள்ளவில்லை. மகள் கண்டுபிடித்துவிட்டாள்.

அடுத்ததாக, பேட்டரியில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்று காட்டும் ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன், 300 ரூபாய்க்குள். என் பார்வையில் ரீசார்ஜ் பேட்டரியைவிட இதுதான் கழிவை அதிகம் குறைத்தது. நாய்ப்பொம்மை நின்றுவிட்டது என்று எடுத்த ஆல்கலைன் பேட்டரியை அளந்தால் 1.2 வோல்ட் காட்டியது. அதாவது பேட்டரி தீரவில்லை. மோட்டார் கேட்கும் வேகத்தில் கொடுக்க அதனால் முடியவில்லை, அவ்வளவுதான். கடிகாரம் கேட்பது துளித்துளியாக. அதே பேட்டரி எங்கள் ஹால் கடிகாரத்தை ஏழு மாதம் ஓட்டியது. இப்போது எங்கள் வீட்டில் வரிசை இதுதான்: பொம்மையில் நின்றால் ரிமோட்டுக்கு, ரிமோட்டில் நின்றால் கடிகாரத்துக்கு, கடிகாரத்திலும் நின்றால்தான் கழிவுக்கு. கடிகாரத்துக்காகவும் ரிமோட்டுக்காகவும் புது பேட்டரி வாங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் தீரப்போகும் பேட்டரிகள் கசியும் என்பதால் மாதம் ஒருமுறை கடிகாரத்தைக் கழற்றிப் பார்த்துவிடுவேன்.

மீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு வழி. ஆல்கலைன் பேட்டரியை நிமிர்த்திப் பிடித்து, தரையில் இருந்து நாலு விரற்கடை உயரத்தில் விடுங்கள். புதியது தொப்பென்று விழுந்து அங்கேயே நிற்கும் அல்லது சாயும். உபயோகித்தது துள்ளும். உள்ளே கூழாக இருந்த துத்தநாகம் மின்சாரம் கொடுக்கக் கொடுக்க ஆக்சைடாக மாறி இறுகிவிடுவதுதான் காரணம். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தினர் இதைச் சோதித்து 2015-ல் வெளியிட்டார்கள். பாதி தீர்ந்தபோதே துள்ளல் உச்சத்துக்குப் போய்விடுகிறது என்றும் சொன்னார்கள். ஆகவே துள்ளினால் "புதுசு இல்லை" என்றுதான் பொருள், "தீர்ந்துவிட்டது" என்று பொருள் இல்லை. துள்ளியதை எல்லாம் தூக்கிப் போடாதீர்கள்.

அத்தைக்குச் செய்யாறு பக்கம். பேட்டரியை இன்னும் கட்டை என்றுதான் சொல்வார். தீர்ந்த கட்டையை மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்து, மறுபடி டார்ச்சில் போடுவது அவர் சிறுவயதில் இருந்து செய்கிற வேலை. அதில் உண்மை இருக்கிறது. சூட்டில் உள்ளே நடக்கும் வேதிவினை கொஞ்சம் வேகமெடுக்கும், சும்மா கிடந்தாலே பழைய கார்பன் கட்டைகள் கொஞ்சம் தேறும். எதையும் கடைசிவரை உபயோகித்துவிட வேண்டும் என்ற அவர் எண்ணம் எனக்கு எப்போதும் பிடிக்கும். ஆனால் வெயிலில் கசிவு சீக்கிரம் வரும். பவர் பேங்க், சில ரிமோட் கார்களுக்குள் இருக்கும் லித்தியம் வகைகளை வெயிலில் வைத்தால் உப்பித் தீப்பிடிக்கக்கூட வாய்ப்புண்டு. அவரிடம் இதைச் சொன்னபோது, "கட்டை வேற, இது வேறன்னு எனக்கு எப்படிம்மா தெரியும், நீ எழுதி ஒட்டு" என்றார். நியாயமான கேள்வி. லித்தியம் உள்ள சாமான்கள் எல்லாவற்றிலும் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டினேன். சிவப்பு இருந்தால் வெயிலும் கூடாது, குப்பையும் கூடாது.

இப்போது எழுதப்போவது எனக்குக் கொஞ்சம் கஷ்டமான பகுதி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாள் விழாவுக்குப் போய்வந்தோம். ரிட்டர்ன் கிஃப்டாக விளக்கு எரியும் பம்பரம் கொடுத்திருந்தார்கள். சுற்றினால் நீலமும் பச்சையுமாக மினுங்கும். இரவு எட்டரை மணி இருக்கும். அது சோபாவில் இருந்து விழுந்து, அடிமூடி தெறித்துத் திறந்துகொண்டது. உள்ளே மூன்று பட்டன் பேட்டரி, சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. இரண்டு கிடைத்தது. மூன்றாவது கிடைக்கவில்லை. மகன் அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருந்தான். வாயில் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. கடைவாய்ப்பல் முளைக்கிற நேரம், ஒரு வாரமாகவே வழிகிறது. ஆனால் அந்த நிமிடம் அது எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தேன், எதுவும் இல்லை. அவன் சிரித்தான்.

ஐந்து நிமிடம் தேடினோம். அதற்கு மேல் தேடக் கூடாது என்று கணவர் முடிவெடுத்தார். நல்ல முடிவு. அவசரப் பிரிவில் கழுத்தில் இருந்து வயிறு வரை எக்ஸ்ரே எடுத்தார்கள். படம் வரும்வரை அவனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தை நான் மறக்க மாட்டேன். உள்ளே எதுவும் இல்லை. மறுநாள் காலை அத்தை பெருக்கும்போது மகளின் ஸ்கூல் ஷூவுக்குள் இருந்து அந்தப் பேட்டரி உருண்டு வந்தது.

டாக்டர் அன்றிரவு பொறுமையாகச் சொன்னார். பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால், ஈரமான சதையின் வழியே மின்னோட்டம் பாயும். அங்கே காரப்பொருள் (ஆல்கலி) உண்டாகி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரித்துப் புண்ணாக்கும். கசிய வேண்டும் என்றுகூட இல்லை. "தீர்ந்துபோன பேட்டரிதானே" என்ற சமாதானமும் கிடையாது. எடை மெஷினை ஓட்ட முடியாத பேட்டரியிலும் சதையைப் பொசுக்கும் அளவு மின்சாரம் மிச்சம் இருக்கும். எல்லாவற்றிலும் ஆபத்தானது சிஆர் 2032 மாதிரி 20 மில்லிமீட்டர் அகலமுள்ள லித்தியம் காசு பேட்டரி. குழந்தையின் உணவுக்குழாயில் நிற்கிற அளவு அது. அழுத்தமும் இரண்டு மடங்கு, 3 வோல்ட். மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டாலும் அவசரம்தான். எக்ஸ்ரேயில் காசு மாதிரியே தெரியும், ஆனால் ஓரத்தில் இரட்டை வளையம் இருக்கும், அதை வைத்துத்தான் பிரித்துப் பார்ப்பார்களாம்.

சந்தேகம் வந்தாலே கிளம்பிவிடுங்கள், இருமல் வரட்டும் வாந்தி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, சோறு தண்ணீர் கொடுக்கக் கூடாது. விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், ஒரு வயது தாண்டிய, விழுங்க முடிகிற குழந்தைக்குப் போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன், ஆறு தடவை வரை கொடுக்கலாம் என்று அமெரிக்காவின் நேஷனல் கேப்பிட்டல் பாய்சன் சென்டர் வழிகாட்டுகிறது. தேன் அரிப்பைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவே. வீட்டில் தேன் இல்லையென்றால் அதற்காகக் கடையில் நிற்காதீர்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது.

அந்த பிஸ்கட் டப்பாவில் இரண்டு பட்டன் பேட்டரி கிடந்தது என்று சொன்னேன் அல்லவா? தவழ்கிற குழந்தை இருந்த வீட்டில், அவன் கைக்கு எட்டும் உயரத்தில், இரண்டு வருடம் அது இருந்திருக்கிறது. சுற்றுச்சூழலுக்காக என்று நினைத்து நான் சேர்த்து வைத்த டப்பா அது. பேட்டரியைச் சேர்த்து வைப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் சின்னக் குழந்தை உள்ள வீட்டில் அதன் இடம் மருந்து டப்பாவுக்குப் பக்கத்தில், மேல் அலமாரியில். கழற்றின பட்டன் பேட்டரியை அங்கேயே, அந்த நிமிடமே, இரண்டு பக்கமும் மூடி டேப் ஒட்டிவிடுவேன். முதலில் டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் மூடியையே திறப்பேன்.

அதன்பிறகு பொம்மை வாங்குவது மாறிவிட்டது. இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பேட்டரி பொம்மைகளுக்கான தரம் ஐஎஸ் 15644. கடையில் பெட்டியைத் திருப்பி அந்த எண் இருக்கிறதா என்று பார்ப்பேன், பேட்டரி மூடியில் ஸ்க்ரூ இருக்கிறதா என்று பார்ப்பேன். பீச்சிலும் திருவிழாவிலும் விற்கிற மினுங்கும் சாமான்களில் நான் பார்த்தவரை இரண்டுமே இருப்பதில்லை. அவற்றை இப்போது வாங்குவதில்லை. விற்பவர் முகத்தைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அவரிடமே பலூனோ காற்றாடியோ வாங்கிக்கொள்வேன்.

கார்த்திகைக்கு, தண்ணீர் ஊற்றினால் எரிகிற பிளாஸ்டிக் அகல் ஒரு டஜன் வாங்கியிருந்தோம். உள்ளே பேட்டரி, மாற்ற வழியே இல்லாமல் ஒட்டி மூடியது. அடுத்த வருடம் பாதி எரியவில்லை. விளக்கையும் பேட்டரியையும் சேர்த்தே எறிய வேண்டும். மறுபடி மண் அகலுக்கே வந்துவிட்டோம்.

சொந்தக்காரர்களிடம் சொல்வதுதான் சங்கடம். என் நாத்தனார் ஆசையாகப் பேசும் பொம்மை வாங்கி வந்திருந்தாள். அதைக் குறை சொல்லாமல், ஆஸ்பத்திரிக்குப் போன அந்த இரவைப் பற்றி மட்டும் சொன்னேன். "அண்ணி, அடுத்த தடவை என்ன வாங்கணும்னு நீங்களே சொல்லிடுங்க" என்றாள். சாவி கொடுத்தால் ஓடும் கார், கயிறு சுற்றிவிடும் மரப் பம்பரம், கர்நாடகாவின் சன்னபட்னா மரப்பொம்மைகள் என்று ஒரு பட்டியலே அனுப்பினேன். மகனுக்கு இன்றைக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது அந்தச் சாவி கார்தான்.

சரி, இத்தனைக்கும் பிறகு தீர்ந்துபோகிறவை என்ன ஆகின்றன? இன்வெர்ட்டர் பேட்டரி கெட்டால் கடைக்காரரே வந்து தூக்கிக்கொண்டு போய், புதியதன் விலையில் கழித்துக்கொள்கிறார். ஈயத்துக்கு விலை இருக்கிறது, அதனால் ஒருவரும் அதைக் குப்பையில் போடுவதில்லை. சின்ன பேட்டரியைப் பழைய பேப்பர்காரர்கூடத் தொடுவதில்லை. 2016-ல் வந்த திடக்கழிவு விதிகளே உபயோகித்த பேட்டரியை டியூப்லைட், காலாவதியான மருந்து இவற்றோடு சேர்த்து, வீட்டில் இருந்து வரும் அபாயகரமான கழிவு என்று தனியாகப் பிரிக்கச் சொன்னது. 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் சின்னது பெரியது என்றில்லாமல் எல்லா பேட்டரிக்கும் தயாரிப்பாளரையே பொறுப்பாக்கின. குறுக்கே கோடு போட்ட குப்பைத்தொட்டிப் படம் பேட்டரி மேல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், மற்ற குப்பையோடு இதைப் போடக் கூடாது என்பதுதான் அதற்கு அர்த்தம்.

எங்கள் தெருவுக்கு வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர் அக்காவிடம் முதல் தடவை ஒரு பிளாஸ்டிக் கவரில் கட்டி, "அக்கா, இது பேட்டரி, தனியா வச்சுக்கோங்க" என்று கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "கவர்ல வேணாம்மா, கிழிஞ்சு கையில படுது. மூடி போட்ட பாட்டில்ல போட்டுக் குடு" என்றார். வலது கை ஆள்காட்டி விரலின் நுனியில் தோல் உரிந்து வெளுத்திருந்தது. எதனால் என்று நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து அகன்ற வாயுள்ள பழைய ஊறுகாய் பாட்டில்தான்.

அந்த அக்கா வராத நாட்களில் வேறு ஒருவர் எல்லாவற்றையும் ஒரே டிரம்மில் கொட்டிவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகு, எங்கள் குடியிருப்பின் 14 வீட்டுக்கும் சேர்த்து மாடிப்படியடியில் பூட்டு போட்ட ஒரு பெட்டி வைத்தோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி உள்ள மறுசுழற்சி நிறுவனம் ஒன்றில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். ஒரு வீட்டுப் பேட்டரிக்காக அவ்வளவு தூரம் போக யாருக்கும் முடியாது. 14 வீடு சேர்ந்தால் ஒரு ஸ்கூட்டர் பயணத்துக்கு அர்த்தம் இருக்கிறது. பெட்டியில் போடும் முன் லித்தியம் வகைக்கும், இரண்டு முனையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் 9 வோல்ட் பேட்டரிக்கும் முனைகளில் டேப் ஒட்டச் சொல்லியிருக்கிறோம். அவை ஒன்றோடொன்று உரசினாலே சூடேறிவிடும். உப்பிப்போன போன் பேட்டரி, பவர் பேங்க் எதையும் பெட்டியில் வாங்குவதில்லை. அதைக் காய்ந்த மணல் போட்ட மண்சட்டியில், வீட்டுக்கு வெளியே வைத்து, நேராகக் கொண்டுபோய்க் கொடுப்போம்.

ஃபிரிட்ஜில் அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. போன மாதக் கணக்கில் புது பேட்டரி இரண்டே இரண்டு, எடை மெஷினுக்கு. ரயில் இன்னும் ஓடுகிறது, சிவப்புப் பொட்டு அழிந்து இரண்டாம் தடவை வைத்தாகிவிட்டது.

நேற்று மகள் ரிமோட்டில் இருந்து பேட்டரியை எடுத்துத் தரையில் விட்டுப் பார்த்தாள். டிங்கென்று துள்ளியது. மீட்டரில் வைத்தாள், 1.1. "பாட்டி, உங்க ரூம் கடிகாரத்துக்கு ஒண்ணு ரெடி" என்று கத்திக்கொண்டே ஓடினாள். அத்தை ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, அவள் ஏறிக் கடிகாரத்தைக் கழற்றினாள்.